வெறும் மணியில் ஒட்டியது

கடைசிச் சுற்றைக் கழுவி எடுத்தபோது அடையாறு ஆய்வகத்தில் நானும் பேராசிரியரும் மட்டும்தான் இருந்தோம். என்னோடு அந்த வேலையை ஆரம்பித்த மயிலாப்பூர்ப் பெண் இல்லை. கல்யாணமாகி அமெரிக்கா போயிருந்தாள்.

வேலை இதுதான். நாகப்பாம்பு விஷத்தின் ஒரு புரதத்தைப் பொடிப்பொடியான ஜெல் மணிகளில் ஏற்றி, மெல்லிய குழாயில் நிரப்பி, அதன்மேல் கோடிக்கணக்கான டிஎன்ஏ துண்டுகளை ஊற்றுவோம். விஷத்தைப் பற்றாதவை கழுவலோடு போய்விடும். பற்றியவற்றைப் பிரித்துப் பெருக்கி மறுபடி ஊற்றுவோம். சுற்றுக்குச் சுற்று பிடி இறுகும்.

சைதாப்பேட்டையில் காய்கறி விற்ற என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவனே நான்தான். "அப்போ உடாம புட்சிக்கினு கீறதுதான் பாஸு" என்றாள். அதைக் கேட்டு மயிலாப்பூர்ப் பெண் நாளெல்லாம் சிரித்தாள்.

கிளம்பும்போது அவள் சொன்னது: "நல்ல முடிவு வந்தா உடனே சொல்லுங்கோ. தீசிஸ் முடிக்க ஆறு மாசம் அனுப்பறேன்னு ஆத்துக்காரர் சொல்லியிருக்கார்." வராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவள் உட்காரும் ஸ்டூலை வேறு யாரும் இழுத்துப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

பிடி நன்றாகவே இறுகியிருந்தது. பேராசிரியர் முதுகில் தட்டினார். ஒன்றுதான் பாக்கி. விஷம் ஏற்றாத வெறும் மணியில் துண்டுகளை முதலிலேயே ஊற்றி, மணியைப் பற்றுபவற்றை நீக்கியிருக்க வேண்டும். இறக்குமதி மணி; கழுவிக் கழுவித் திரும்பப் போடுகிற ஆய்வகம் எங்களுடையது. அதற்கென்று ஒரு குழாய் மணியை வீணாக்குவானேன் என்று நானும் அவளும் பேசித்தான் தள்ளிப்போட்டிருந்தோம். புட்டியின் அடியில் மிஞ்சிய வெறும் மணியில் இப்போது ஊற்றினேன். அத்தனையும் அதிலேயே நின்றுவிட்டது. இத்தனை சுற்றிலும் இறுகியது மணியின் மேல் பிடி, விஷத்தின் மேல் அல்ல.

ஞாயிறு காலை சைதாப்பேட்டை ஐஎஸ்டி பூத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன் போட்டேன். "வந்துடுத்தா?" என்று எடுத்ததுமே கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த மாதம் மீனம்பாக்கத்தில் வந்து இறங்குவாள். வாய்வரை வந்தது. அதற்குள் அவளே அடுத்ததைக் கேட்டாள்.

"வெறும் மணியில ஓட்டிப் பாத்தேளா?"

"பாத்தேன். அதுலதான் ஒட்டிக்கிட்டிருக்கு."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பூத்துக்கார பாய் கண்ணாடியைத் தட்டி, "பேசாம நின்னுக்கினு இருந்தாலும் மீட்டர் ஓடும் நைனா" என்றார்.

"சரி, வெச்சுடட்டுமா" என்றாள்.

பாய் பில்லைக் கிழித்துக் கொடுத்தார். பாதிக்கு மேல் நாங்கள் பேசாமல் இருந்ததற்கு. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.