சீனருக்கே சீனம் சொல்லிக்கொடுத்த அனஸ்ரேசியா

அனஸ்ரேசியாவுக்குச் சீன மொழி வந்தது வயிற்றுப்பாட்டால். நோர்வேயின் வட கோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் நான்கு வருடம் மீன் வெட்டிவிட்டு, குளிர் தாங்காமல் ஒஸ்லோவுக்கு வந்தவருக்குக் கிடைத்த வேலை, லாவ் முதலாளியின் சீன உணவகத்தில் கோப்பை கழுவுவது. முதலாளி ஹொங்கொங் பக்கத்துக் கிராமத்தவர். நோர்வேஜிய மொழியில் அவருக்குச் சாப்பாட்டுப் பெயர்கள் மட்டும்தான் சரியாக வரும், மற்றதெல்லாம் கன்டனீஸ், அவர் ஊர்ப் பக்கத்துச் சீனம். பதினைந்து வருடம் அந்தச் சத்தத்துக்குள் நின்ற அனஸ்ரேசியா, கடைசியில் முதலாளியோடு கன்டனீஸிலேயே சண்டை பிடிக்குமளவுக்கு வந்துவிட்டார்.

2004 இலையுதிர் காலத்தில் முதலாளி தன் ஒன்பது வயது மகள் லிண்டாவைச் சனிக்கிழமைச் சீனப் பள்ளியில் சேர்த்தார். தகப்பன் எதைக் கேட்டாலும் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்கிற பிள்ளை அது. புதிய பிள்ளைகளோடு பெரியவர் ஒருவரும் வகுப்பில் இருக்க வேண்டுமாம். சனிக்கிழமை முதலாளி அடுப்பை விட்டு அசைய முடியாது.

"நீ போ. உனக்குத்தானே கதைக்கத் தெரியும்," என்றார். (அவர்கள் பேசியது கன்டனீஸ், இது அனஸ்ரேசியா பிறகு சொல்லிக் காட்டிய தமிழ்.)

கடைசி வாங்கில் உட்கார்ந்த அனஸ்ரேசியாவுக்குப் பத்து நிமிடத்தில் வியர்த்துவிட்டது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. இத்தனை வருடமும் தான் பேசியது சீனமே இல்லையோ என்று பயந்து போனார். பெய்ஜிங்கிலிருந்து வந்த ஆசிரியை சுன் இடைவேளையில் சிரித்துக்கொண்டே விளக்கினார்: முன்பு இங்கே கன்டனீஸ்தான், போன வருடத்திலிருந்து மாண்டரின், பெய்ஜிங் பக்கத்துச் சீனம்; ஒன்று தெரிந்தவருக்கு மற்றது விளங்காது.

சும்மா இருக்கப் பிடிக்காமல் அனஸ்ரேசியாவும் ஒரு கொப்பி வாங்கினார். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் இருந்த அவர் வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்கச் சீன எழுத்து.

"எங்கட பெடியனுக்குத் தமிழிலை தன்ர பேர் எழுதத் தெரியாது. நீ இஞ்சை இருந்து சீனம் எழுதுறாய்," என்றார் கணவர் ஜெயரத்தினம்.

"அவனையும் கேட்டனான். சீனமெண்டால் வாறானாம்."

மூன்று மாதம் கழித்து முதலாளி சமையலறையில் வைத்து மகளைச் சோதித்தார். லிண்டா நிமிர்ந்து நின்று, "வோ ச்சீ ஃபான்," என்றாள்.

முதலாளியின் அகப்பை அந்தரத்தில் நின்றது. "என்ன இது?"

"நான் சோறு சாப்பிடுறன் எண்டு சொல்லுறாள்."

"அதுக்கு 'ஙோ சிக் ஃபான்' எண்டெல்லோ சொல்லவேணும்! பிள்ளையைக் கெடுத்துப்போட்டாங்கள்."

"அவள் சரியாத்தான் சொல்லுறாள், முதலாளி. உங்களுக்குத்தான் விளங்கேல்லை."

அன்று முழுவதும் முதலாளி சட்டிகளோடு மட்டுமே பேசினார்.

பள்ளியின் சீனப் புத்தாண்டு விழாவுக்கு முதலாளி உணவகத்தைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வந்தார். லிண்டா மேடையேறித் தன் அப்பாவைப் பற்றி எழுதியதை வாசித்தாள். முன்வரிசைப் பெய்ஜிங்காரர் தலையாட்டினார்கள். கன்டனீஸ் மட்டும் தெரிந்த பின்வரிசை உணவகக்காரர் விளங்கியதுபோலப் புன்னகைத்தார்கள். முதலாளி அனஸ்ரேசியாவின் பக்கம் சரிந்தார்.

"என்னவாம்?"

"அப்பா நல்லாச் சமைப்பாராம்."

"பிறகு?"

"நெடுகக் கத்துவாராம்."

மண்டபம் சிரித்தது. ஒரு நொடி பிந்தி முதலாளியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. முன்னால் இருந்த ஹொங்கொங் பெண் திரும்பி, அடுத்தது தன் மகன், அதையும் கொஞ்சம் சொல்லும்படி கெஞ்சினாள். நிகழ்ச்சி முடியும்போது ஆறு சீனர் அனஸ்ரேசியாவைச் சுற்றிக் கதிரையை இழுத்துப் போட்டிருந்தார்கள். சொல்லிச் சொல்லி அவருக்குக் குரலே அடைத்துவிட்டது.

ஓகஸ்டில் முதலாளி சனிக்கிழமைகளில் மூன்று மணிக்குத்தான் கடை திறப்பது என்று முடிவெடுத்து, தானே வந்து முதலாம் வகுப்பில் சேர்ந்தார். முதல் நாளே, கோடுகளைக் குறைத்த புதிய எழுத்தைப் பார்த்து ஆசிரியையோடு தகராறு. "எழுத்தின்ரை கையையும் காலையும் வெட்டிப்போட்டு இதைச் சீனம் எண்டுறியள்!"

அனஸ்ரேசியாவும் லிண்டாவும் இரண்டாம் வகுப்புக்கு ஏறிவிட்டார்கள். ஒரு இடைவேளையில் முதலாளி கொப்பியை நீட்டி, திருத்தித் தரும்படி கேட்டார். அவர் பழக்கத்தில் எழுதியிருந்த பழைய எழுத்து மூன்றைச் சிவப்புப் பேனையால் சுழித்துப் பிழை போட்டார் அனஸ்ரேசியா.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது, உரிப்பதற்கு இரண்டு மூட்டை வெங்காயம் அவருக்காகக் காத்திருந்தது.