ஊதாப் பொடியும் வெளித்தாழ்ப்பாளும்

மேனேஜர் சார், நீங்கள் பொய் சொல்கிறீர்கள். பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்தில், எனக்கு எதிர்ப்பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே அதே பொய்யைப் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னீர்கள். "நம்ம கம்பெனியில ஒரு பிள்ளை, ஏதோ லவ்வுல ஆசிட்டக் குடிச்சிருச்சு. பாவம், நல்ல பிள்ளை." பாவம் என்று வேறு சொன்னீர்கள். நான் இலையை மூடி எழுந்து வருவதற்குள் கை கழுவிக் காரில் ஏறிவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு நயமாக எழுத வராது. பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று என் இலையில் பீட்ரூட் பொரியல் வைத்திருந்தார்கள். அதன் சாறு மோரில் ஓடிக் கலந்ததைப் பார்த்ததும் சோறு இறங்கவில்லை. போதாததற்கு, மண்டபத்துச் சாக்கடை ஓரம் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். அந்த நிறமும் இந்த வாடையும் சேர்ந்தால் எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வராது, ராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த அந்தத் தகரக் கொட்டகைதான்.

காலேஜ் லேபுக்கும் ஆஸ்பத்திரி லேபுக்கும் சாயப்பொடியைச் சின்னப் பாட்டில்களில் அடைத்து அனுப்புகிற கம்பெனி அது. கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு முன் அதற்கு ஊதா நிறம் ஏற்றுவார்களே, அந்தப் பொடி. பாட்டிலில் கிரிஸ்டல் வயலட் என்று ஒட்டுவோம். எங்கள் வாயில் அது ஊதாப்பொடி.

விசித்திரமான சாமான். காய்ந்திருக்கும்போது ஊதாவே கிடையாது. பொன்வண்டு முதுகு மாதிரி பச்சையாக மினுங்கும். கையில் பட்டாலும் தெரியாது. வேர்வை பட்டதும்தான் தன் குணத்தைக் காட்டும். பொடி பறக்கும் என்று ஃபேன் போடவிட மாட்டார்கள். தகரக் கூரைக்குக் கீழே வேர்க்காமல் எப்படி இருப்பது? சாயங்காலம் பஸ் ஏறும்போது காதோரத்திலிருந்து ஊதாக் கோடு இறங்கும். மூக்கைச் சிந்தினால் ஊதா. துப்பினால் ஊதா. நானும் காளீஸ்வரியும் மம்சாபுரத்துக்காரிகள், அடுத்தடுத்த தெரு, ஒரே பஸ்.

"ஏட்டி, ஒன் மூக்குல நாவப்பழம் காச்சுத் தொங்குது, தொடை," என்பாள் அவள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

கண்டக்டர் கத்துவார். "யம்மா, சீட்டுல ஒக்காராதிய. கறையாவுது."

"ஒங்க பஸ்ஸுக்கு ஓசியில பெயிண்டு அடிச்சு விடுதோம்ணே. அதுக்கும் டிக்கெட்டு கேக்கியளே!"

பஸ்ஸே சிரிக்கும். கண்டக்டரும் சிரிப்பார். அப்படி ஒரு குரல் அவளுக்கு.

அந்தப் பொடியைக் கையாள முறை இருக்கிறது. கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, மாஸ்க், ரப்பர் கையுறை, புழுதியை வெளியே இழுக்கும் ஃபேன். சிந்தினால் விளக்குமாறு போடக்கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கண்ணில் விழுந்தால் ஓடுகிற தண்ணீரில் விடாமல் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். இதெல்லாம் எங்கள் சுவரில் இங்கிலீஷில் ஒட்டியிருந்தது. நாங்கள் அதற்குக் கீழே விளக்குமாறால் பெருக்கிக்கொண்டிருந்தோம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமலும் இல்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் பார்வையிட வரும் அன்று பீரோவிலிருந்து வெளியே வரும். நாங்களும் சினிமா டாக்டர்கள் மாதிரி மாட்டிக்கொண்டு நிற்போம். அவர்கள் கார் கிளம்பியதும் மேனேஜர் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுவார். தேய்ந்துவிடுமாம்.

கேட்டால் அவரிடம் ஒரே பதில். "இது மருந்துடி. வாய்ப்புண்ணுக்கே தடவுவாக. ஒன்னைய என்ன செஞ்சிரும்?"

வாய்ப்புண்ணுக்குத் தடவுவது ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகைப் பொடி. நாங்கள் அள்ளியது டிரம் டிரம்மாக. ஒரு நாள் என் இடது கண்ணில் தெறித்தது. மிளகாய் அரைத்து அப்பிய மாதிரி இருந்தது. பின்பக்கக் குழாய்க்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. அஞ்சரை மணிக்கு முன்னால் குழாயடிக்கு யாரும் போகக்கூடாது என்பது சட்டம். கை கழுவும் சாக்கில் வேலை நேரத்தைத் திருடுகிறோமாம். கதவைத் தட்டிய என் கையில் மேனேஜர் ஸ்டீல் ஸ்கேலால் ஒரு போடு போட்டார். எப்போதும் அந்த ஸ்கேலோடுதான் திரிவார். காளீஸ்வரி தன் தண்ணீர் பாட்டிலை என் முகத்தில் கவிழ்த்துக் கண்ணைக் கழுவினாள். அந்தக் கண் இன்றும் மங்கல்தான்.

கறை போக்க நாங்களாகவே ஒரு வழி வைத்திருந்தோம். கல்யாணம், சடங்கு என்று வந்தால் பிளீச்சிங் பவுடரைக் குழைத்துக் கையில் தேய்ப்போம். அதிலும் போகாவிட்டால் கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கொஞ்சம் சேர்ப்போம். புகை கிளம்பும். குழாயடி திறந்தவெளி, காற்று கொண்டுபோய்விடும். இருமிவிட்டுச் சிரிப்போம். அது தொண்டைக்குள் போனால் ஆளைக் கொல்லும் விஷப்புகை என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. கையுறை கொடுத்திருந்தால் கறையே இருந்திருக்காது.

ஒரு நாள் காளீஸ்வரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மதியமே மேனேஜரிடம் போய் நின்றாள்.

"சார், இன்னைக்கு வீட்டுக்கு ஆளுக வாராக. செத்த நேரம் முன்னாடி விடுங்க."

"மாப்பிள்ளை ஒன் கையவா கட்டப்போறான்? போய் வேலையப் பாரு."

அவள் வந்து உட்கார்ந்தாள். முழங்கை வரை ஊதா. பிறகு, குழாயடிக் கதவு பூட்டிக் கிடந்ததால், பவுடரையும் ஆசிட்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னல் இல்லாத அறை. வாடை வெளியே வந்துவிட்டது. மேனேஜர் மோந்து பார்த்தார், எழுந்து போனார், வெளித்தாழ்ப்பாளைப் போட்டார்.

"கெடக்கட்டும். அஞ்சரைக்குத் தொறப்போம். அப்பதான் புத்தி வரும்."

முதலில் இருமல் கேட்டது. அப்புறம் கதவைக் கையால் தட்டினாள். அப்புறம் தலையால் முட்டினாள். கதவு அடியிலிருந்து மஞ்சள் புகை தரையோடு ஊர்ந்து வந்தது. நான் தாழ்ப்பாளுக்குப் பாய்ந்தேன். ஸ்கேல் என் நெற்றியில் இறங்கியது. அவர் கையைக் கடித்தேன், ரத்தம் உப்புக் கரித்தது, விடவில்லை. அவர் உதறிக் கீழே தள்ளி வயிற்றில் மிதித்தார். எங்கள் சத்தத்தில் காளீஸ்வரியின் அண்ணன் உள்ளே ஓடி வந்தான். தங்கச்சியைக் கூட்டிப்போக பைக்கோடு கேட்டில் நின்றவன். இரும்பு ஸ்டூலைத் தூக்கி முதல் அடி மேனேஜர் வாயில், அடுத்த அடி தாழ்ப்பாளில். மூன்று பல் தெறித்தது. கதவு திறந்தபோது அவள் தரையில் கிடந்து வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தாள். கை மட்டும் வெளுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர்தான் முந்திக்கொண்டார், உடைந்த வாயோடு. "தானா ஆசிட்டக் குடிச்சிருச்சு சார்." டாக்டர் அவள் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "வாய்ல ஒரு புண்ணுகூட இல்லையேம்மா?" என்றார். நான் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். கம்பெனி ஆட்கள் என்னை இழுத்து வெளியே தள்ளினார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் கத்தினேன். அங்கேயும் வெளியேதான்.

காளீஸ்வரியின் அண்ணன் அப்போது மிலிட்டரிக்குத் தேர்வாகி ஆர்டருக்குக் காத்திருந்தான். கேஸ் விழுந்தால் போச்சு. மேனேஜர் அவள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். "மகன் பட்டாளத்துக்குப் போகணுமா? மக தானாத்தான் குடிச்சான்னு சொல்லிருங்க. என் பல்ல நான் மறந்துருதேன்." அந்த மனுஷன் ஸ்டேஷனில் போய் அப்படியே சொன்னார். மகன் போனான். வந்த மாப்பிள்ளை போனான்.

கம்பெனி இப்போது இல்லை. அந்தக் கொட்டகையில் தண்ணீர் கேன் நிரப்புகிறார்கள். கூட வேலை பார்த்தவர்கள் மில்லுக்கும் திருப்பூருக்கும் சிதறிவிட்டார்கள். ஊதா ஓடிய வாய்க்காலைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்கள். காளீஸ்வரி குரலும் இல்லை. காற்றுப் போன டியூப் மாதிரி ஒரு கீச்சு மட்டும் வரும். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் தெருவில் அவளுக்கு இருக்கிற பெயர் அப்படியே இருக்கிறது, ஆசிட் குடிச்சவ. போன மாதம் அண்ணன் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்டாளாம், "அத்தை, நீ யாருக்காக ஆசிட் குடிச்ச?"

எழுதவா என்று அவளிடம் கேட்டேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். "என் பேரப் போட்டே எழுதுட்டி."

போட்டுவிட்டேன். மேனேஜர் சார், உங்கள் பணமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். மம்சாபுரத்துக்கு வாருங்கள். பகலில், அவள் வாசலில், அந்தத் தெரு ஜனம் கேட்க, அந்தப் பிள்ளையும் கேட்கச் சொல்லுங்கள்: காளீஸ்வரி ஆசிட் குடிக்கவில்லை, கதவைப் பூட்டியது நான். வருகிறீர்களா, இல்லையா? அதையும் ஊரறியச் சொல்லுங்கள்.