எல்லோருக்கும் ஒரே பதில்

நான் கானா பாடுகிறவன். பாட்டுகளை யூடியூபில் போடுவேன். கமெண்டுகள் பெருகியதும் சோம்பேறித்தனம் வந்துவிட்டது. "சூப்பர் தோஸ்து, ஷேர் பண்ணுங்க" என்ற ஒரே பதிலை, படிக்காமலே எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பழைய கமெண்டுகளைப் பார்த்தேன். எண்ணூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "எங்க நைனா செத்துட்டாரு. கடைசி வரைக்கும் உன் பாட்டத்தான் கேட்டுக்கினு இருந்தாரு." அதற்கும் என் பதில், "சூப்பர் தோஸ்து."

என்னை நினைத்தால் எனக்கே கலீஜாக இருந்தது. அவருடைய நம்பரை வாங்கி மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"வுடு மாமு. நைனா பேர வச்சி ரெண்டு வரி பாடேன். அம்மா கேக்கணும்னு சொல்லுது."

இறந்தவர் பெயரைச் சொல்லிப் பாடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெயரைக் கேட்டுக்கொண்டு போனிலேயே பாடினேன். அந்தப் பக்கம் அந்த அம்மா அழுவது கேட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கமெண்டையும் படித்துத்தான் பதில் எழுதுகிறேன். போன மாதம் காலடிப்பேட்டையில் மேடை ஏறியபோது அந்தக் குடும்பமே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. முடிந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் பாடுனப்பா. ஆனா அன்னிக்கி போன்ல பாடுனியே, அதான் பாட்டு."

அவர் சொன்னது சரிதான். அன்று கேட்டது ஒரே ஒரு வீடு. இப்போது மேடையிலும் அந்த ஒரு வீட்டுக்குத்தான் பாடுகிறேன்.