ஆடும் நாலு பல்லும் ஒரு குப்பி எச்சிலும்

கீழ்வரிசையில் முன்பற்கள் நான்கு ஆடின. எங்கள் ஊர்ப் பல் மருத்துவர் விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு, பிடுங்கிச் செட் கட்டிவிடலாம் என்றார், சட்டைக்குப் பித்தான் மாற்றுவதைப் போல. என் பல் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வீரமெல்லாம் அவர் வாசற்படி வரைக்கும்தான். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, உதட்டைத் திறக்காமல் சிரித்துப் பழகினேன்.

பல் மருத்துவக் கல்லூரியில் ஈறுக்கென்றே தனிப் பிரிவு உண்டு என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே மேற்படிப்புப் படிக்கிற டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். ஈறுக்கடியில் சேர்ந்த காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் பற்களைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். கூடவே ஓர் ஆராய்ச்சி. எச்சிலில் ஜிங்க், செம்பு, இரும்பு எல்லாம் துளித்துளியாக இருக்குமாம். ஈறு வீங்கியிருக்கையில் எவ்வளவு, சுத்தம் செய்தபிறகு எவ்வளவு என்று பார்க்கிறாராம். மறுவாரம் காலையில் எதையும் வாயில் போடாமல் வந்து சின்னக் குப்பியில் எச்சில் தரவேண்டும்.

சொன்னபடி பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன். ஆனால் நான் தீப்பெட்டி ஆபீசில் போர்மேன்; எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர். எங்கள் ஆபீசில் எல்லார் சட்டைப்பையிலும் நாலு தீக்குச்சி இருக்கும். பல் குத்த, காது குடைய, யோசிக்க. கயத்தாறு தாண்டுவதற்குள் பதற்றத்தில் ஒரு குச்சியைக் கடித்தே தீர்த்துவிட்டேன். எந்த முனை என்று பார்க்கவில்லை.

எச்சில் தந்து வந்த நாலு நாளில் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. எச்சிலில் ஜிங்க் தாறுமாறாக இருக்கிறது, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான், இத்தனை வருஷம் ஆபீசில் கலக்கிய தீக்குச்சி மருந்தும் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று முடிவுகட்டினேன். அடுப்படிப் பக்கமே போகவில்லை. மனைவி விளக்கேற்ற வந்தால் வாசலுக்கு ஓடினேன்.

"எதுக்கு ஓடுதீங்க? உங்கள உரசினாலும் தீப்பிடிக்காது. நமுத்துப்போயி வருசக்கணக்காச்சு" என்றாள்.

மறுநாள் போய்க் குச்சி விஷயத்தை ஒப்புக்கொண்டேன். குச்சி முனை மருந்தில் ஜிங்க் உண்டு என்பது தினமும் கலக்குகிற எனக்குத் தெரியாதா? தெரியும். என் வாய்க்கும் அது பொருந்தும் என்றுதான் தோன்றவில்லை. டாக்டரம்மா முகமூடிக்குள் சிரித்ததைக் கண்கள் காட்டிக்கொடுத்தன. இன்னொரு நாள் வெறும் சட்டைப்பையோடு வந்து மறுபடி எச்சில் தரச் சொன்னார். ஜிங்க் மாத்திரை விழுங்கினால் பல் நின்றுவிடாதா என்று கேட்டேன்.

"எச்சில் என் படிப்புக்கு, அண்ணாச்சி. உங்களுக்கு வைத்தியம், நான் சுரண்டுறதும் நீங்க ரெண்டு வேளை ஒழுங்கா விளக்குறதும்தான்."

நாலு தடவை அந்த நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தேன். ஊசியில் மரத்த உதட்டோடு பஸ்ஸில் டிக்கெட் கேட்டதில், நான் குடித்திருப்பதாகக் கண்டக்டர் தள்ளி நின்றார். மூன்று மாதத்தில் மூன்று பற்கள் இறுகின. நாலாவது இன்னும் ஆடுகிறது. அதை மட்டும் எடுத்துவிடலாமா என்று டாக்டரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அதுவா விழுந்தா விழட்டும். நானாத் தரமாட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டு, அதையும் இன்னொரு தடவை சுரண்டிப் பார்க்கக் கையுறையை மாட்டினார். நான் வாயைத் திறந்தேன்.