எடுத்தாச்சு சார்

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். பெருமாள் என்று பெயர் வைத்த தோஷமோ என்னவோ, எங்கள் ரைஸ் மில் பிட்டர் நின்றுதான் கொன்றான்.

உத்திரமேரூர் பக்கத்து மில் அது. எழுபத்தாறில், அவித்த நெல்லை டிரையருக்கு இழுத்துப் போகும் இரும்புச் செயினில் அவன் தம்பி சின்னப்பையனின் வலக்கை போனது. செயின் தேய்ந்திருக்கிறதா என்று நெல் அவிக்கும் தொட்டிக்கு அடியில் தடவிப் பார்க்கச் சொன்னவர் போர்மேன் முத்துகிருஷ்ணன்.

“ஃபியூஸ் எடுத்தாச்சா சார்?” என்று கேட்டுவிட்டுத்தான் குனிந்தான் சின்னப்பையன்.

“எடுத்தாச்சுடா, உள்ள கை வுடு.”

எடுக்கவில்லை. விசாரணையில் மட்டும், “நான் எடுத்துதான் வெச்சேன், எந்தப் பேயோ மாட்டிடுச்சி” என்று சத்தியம் செய்தார். பேய்க்கு மில் வேலை தெரியும் என்று பெரியவர்கள் எல்லோரும் நம்பினார்கள். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

செயினைப் பராமரிக்கும் பொறுப்பைப் பெருமாள் கேட்டு வாங்கிக்கொண்டான். முதலாளி வேதகிரியிடம் பவ்யமாகச் சொன்னான்: “நான் சொல்லி புதுச் செயின் வாங்கினா நல்லா இருக்காது மொதலாளி. போர்மேனே கை வெச்சிப் பாத்து சொல்லட்டும்.” வீண் செலவு குறையுமே என்று முதலாளி சரி என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு மார்கழியும், சம்பா நெல் வருவதற்கு முன்னால், நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்போம். வாட்ச்மேனாகிவிட்ட சின்னப்பையனும் வருவான். முத்துகிருஷ்ணன் தொட்டி முன்னால் குந்துவார்.

“ஃபியூஸ் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு சார், உள்ள கை வுடுங்க.”

ஃபியூஸ் போர்டு அடுத்த அறையில்தான். போய்ப் பார்த்திருக்கலாம். பார்த்தால், அன்றைக்கு ஏன் பார்க்கவில்லை என்று யாராவது கேட்டுவிடுவார்களே! கையை விடுவார். வேர்வையில் சட்டை நனைந்துவிடும்.

“இன்னும் உள்ள சார். ஆணி ஆடுதா? நல்லா பாருங்க.” பெருமாளுக்கு அவசரமே கிடையாது.

எட்டாவது வருஷம் தொட்டி வரைக்கும் கொண்டுபோன கையை இழுத்துக்கொண்டார். “பேஜாரா கீது பெருமாளு, வுட்டுடுடா” என்றார்.

“இன்னா சார் பயம்? நீங்க எடுத்தாதான் பேய் மாட்டும்.”

கையை விட்டார். மறுவாரமே வேலையை விட்டு நின்றுவிட்டார்.

அந்த ஃபியூஸ் கட்டை எல்லா வருஷமும் அவர் முதுகுக்குப் பின்னால், சின்னப்பையனின் இடக்கையில்தான் இருந்தது. ஒரு தடவை காட்டியிருந்தால் மனுஷன் நிம்மதியாகச் செயினைத் தடவியிருப்பார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். ஒருத்தரும் சொல்லவில்லை.