மழையில் வாங்கிய பங்குகள்

எழுபதுகளின் நடுப்பகுதியில் தூத்துக்குடியின் பங்குச் சந்தை ஒரு மருந்துக்கடையில் நடந்தது. அந்தக் கடையில் தொலைபேசி இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இல்லை. சென்னையிலிருந்த தரகருக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, நோயாளிகளுக்காகப் போட்டிருந்த பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். இருமலுக்கு மருந்து வாங்க வந்தவர்கள் நின்றுகொண்டே இருமினார்கள். கடைக்காரர் கம்பவுண்டர் படிப்பு படித்தவர். ஊர் அவரை டாக்டர் என்று கூப்பிட்டது. அவரும் திருத்தவில்லை.

நான் வங்கியில் இருந்தேன். பங்குப் பத்திரத்தை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றும் படிவத்தில் எந்த முத்திரை எங்கே விழவேண்டும், சாட்சி எங்கே கையெழுத்திட வேண்டும், எதற்காக அது திரும்பி வரும் என்பதையெல்லாம் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. பெஞ்சில் என் மரியாதை அவ்வளவுதான். படிவம் பூர்த்தி செய்ய என்னிடம் வருவார்கள். எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று கேட்க உப்பளத்து அண்ணாச்சியிடம் போவார்கள்.

அண்ணாச்சிக்கு ஊருக்கு வடக்கே குத்தகை உப்பளம் இருந்தது. பெரிய முதலாளி அல்ல. ஆனால் நல்ல வெள்ளை வேட்டி. பங்குகளைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கொள்கை இருந்தது. அதை அவர் எங்கும் படிக்கவில்லை, உப்பளத்திலிருந்தே எடுத்துக்கொண்டு வந்திருந்தார். உப்பு வாரும் பருவத்தில் திடீரென்று மழை பெய்தால் பாத்திகளில் இருப்பது கரைந்து போகும். ஆனால் ஏற்கெனவே வாரிக் குவித்து, பனையோலை போட்டு மூடிவைத்த அம்பாரம் கரையாது. ஊரில் உப்புக் குறைந்ததும் மூடிய அம்பாரம் வைத்திருப்பவன் சொன்னதுதான் விலை. ஆகவே அவரைப் பொறுத்தவரை கெட்ட செய்தி என்பது மழை. கையில் சரக்கு வைத்திருக்கிறவனுக்கு மழை நல்லது.

அந்த வருடங்களில் கெட்ட செய்திக்குப் பஞ்சமே இல்லை. எண்ணெய் விலை ஏறியது. மின்வெட்டு வந்தது. கம்பெனிகள் இவ்வளவுக்கு மேல் லாபம் பங்கிடக் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. பத்திரிகையின் பங்கு விலைப் பக்கத்தை டாக்டர் உரக்க வாசிப்பார், ஒவ்வொன்றாக இறங்கியிருக்கும். அண்ணாச்சி முகம் மலரும்.

"பெய்யட்டும் வே, நல்லா பெய்யட்டும். ஓலை போட்டவனுக்கு என்ன பயம்?"

"பங்குக்கு எங்கன அண்ணாச்சி ஓலை போடுறது?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அதெல்லாம் உம்ம பேங்க்ல சொல்லித் தரமாட்டான்" என்றார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. இருமிக்கொண்டிருந்தவரும் சிரித்தார்.

தமாஷ் என்னவென்றால், சில பங்குகளில் அவர் கணக்கு பலித்தும் விட்டது. வாய் திறக்காத சிப்பிகளைக் குவியல் குவியலாக ஏலம் எடுத்துப் பழகிய கடற்கரை இது. ஒருவன் எடுத்த குவியலில் இரண்டு முத்து கிடைத்துவிட்டால் அடுத்த ஏலத்தில் அவன் பின்னால்தான் கூட்டம் நிற்கும்.

அந்தப் பெஞ்சுக்கு வந்த ஒரே பெண் கணக்கு டீச்சர். நாசரேத்துப் பக்கம் சொந்த ஊர். இங்கே மிஷன் பெண்கள் பள்ளியில் வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூட விடுதியிலேயே ஓர் அறையில் குடியிருந்தார். ஓய்வுபெறும் நாளில் அந்த அறையைக் காலிசெய்ய வேண்டும் என்பது விதி. அதற்குள் நாசரேத்தில் ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. மனை வாங்கி, அஸ்திவாரமும் போட்டுவிட்டார். அதற்கு மேல் எழுப்பவேண்டிய சுவரெல்லாம் ஒரே ஒரு நூற்பாலையின் பங்குகளாக அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்தது. மிச்சம் பிடித்த சம்பளத்தையெல்லாம் அதில் போட்டிருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது.

அந்த ஆலையின் பெயர் வேண்டாம். மின்வெட்டில் பாதி நாள் ஓடாமல் நின்றது. நின்ற நாட்களுக்குக் கூலி கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பங்கு விலை நொண்ட ஆரம்பித்தது. டீச்சர் கவலையோடு கேட்டபோது அண்ணாச்சி தொடையில் தட்டினார்.

"எம்மா, மில்லு ஓடலன்னா நூலு கொறையும். நூலு கொறஞ்சா வெல ஏறும். வெல ஏறுனா மில்லுக்காரனுக்குக் கொண்டாட்டம். இதென்ன, உங்களுக்கு நான் கணக்குச் சொல்லித் தரணுமா?"

சூத்திரம் போல அழகாக இருந்தது. கணக்கு டீச்சருக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

பிறகு ஒருநாள் அந்த ஆலையின் விளம்பரம் பத்திரிகையில் கால் பக்கத்துக்கு வந்தது. பொதுமக்களிடமிருந்து வைப்புத்தொகை வரவேற்கப்படுகிறது. வங்கியைவிட அதிக வட்டி. டாக்டர் அதைக் கத்தரித்து, கடைக் கண்ணாடியில் ஒட்டினார்.

"கால் பக்கம்! துட்டு இல்லாதவன் இப்படி வெளம்பரம் போடுவானா?" என்றார் அண்ணாச்சி.

துட்டு இல்லாதவன்தான் அப்படி விளம்பரம் போடுவான் என்று நான் சொன்னேன். வங்கிகள் கைவிரித்த பிறகுதான் ஒரு கம்பெனி ஊர் ஊராகக் கேட்கும். வருடாந்திரக் கூட்டத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். கடைசி அறிக்கையில் தணிக்கையாளர் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். நூல் விலை ஏறும், சரி. ஆனால் அது நூல் வைத்திருப்பவனுக்கு. இந்த ஆலையிடம் நூல் இல்லை. இது ஓலை போட்ட அம்பாரம் அல்ல, மழையில் கரைகிற பாத்தி.

"சவத்த விடும் வே. நீரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்ல" என்றார் அண்ணாச்சி. உண்மைதான். நல்ல வார்த்தை சொல்ல வங்கியில் தனி ஆள் கிடையாது.

ஆனால் டீச்சர் அன்று சிரிக்கவில்லை. அடுத்த நாள் மதிய இடைவேளையில் குடையோடு வங்கிக்கு வந்தார். அறிக்கையைக் காட்டச் சொன்னார். பொடி எழுத்துக் குறிப்பை இரண்டுமுறை படித்தார்.

"இப்ப வித்தா வீட்டுல பாதிதான் வரும், இல்லியா சார்?"

"வாங்க ஆள் கிடைத்தால்."

"வாங்குறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமா?"

அதைச் சொல்ல விற்பவருக்குச் சட்டப்படி கடமை ஏதும் இல்லை என்றேன்.

"நான் சட்டத்தைக் கேக்கல" என்று அறிக்கையை மடித்துக் கொடுத்தார்.

அன்று மாலையே பெஞ்சில் விஷயம் வந்துவிட்டது. தரகரிடம் விற்கச் சொல்லலாமா என்று டீச்சர் டாக்டரைக் கேட்டார். டாக்டர் தொலைபேசியில் கை வைத்தார். அண்ணாச்சி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தரகனுக்கு எதுக்கு விக்கணும்? நான் வாங்கிக்கிடுதேன். அதுவும் டீச்சர் என்ன வெலைக்கு வாங்குனாங்களோ, அந்த வெலைக்கு."

"அண்ணாச்சி, சந்தையில பாதிக்கு வந்துட்டு" என்றார் டாக்டர்.

"அதனால என்ன? பொம்பளப் புள்ள வீடு கட்டப் போவுது. நஷ்டத்துலயா விக்கணும்? நமக்கு மழை விட்டதும் ரெண்டு மடங்கு வரப்போவுது."

டீச்சர் எழுந்து நின்றார். வகுப்பில் பேசுகிற குரல்.

"அண்ணாச்சி, நான் இதைச் சொல்லாம விக்க மாட்டேன். இந்த மில்லு தேறாதுன்னு நான் நெனக்கேன். பேங்க் சார் காட்டினத நானே படிச்சிட்டேன். தேறாதுன்னு நெனக்கதாலதான் விக்கேன். உங்களுக்குப் புரியுதா?"

"நல்லா புரியுது டீச்சர்."

"அப்புறமும் வேணுமா?"

"பயந்தவங்க விக்காங்க, நான் வாங்குதேன். எங்கப்பா காலத்துல இருந்து இதான் நடக்குது. வே பேங்க்காரரே, எடும் படிவத்த!"

டீச்சர் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

முறைப்படி எல்லாம் நடந்தது. படிவத்தில் கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தின் தேதி முத்திரை வாங்கினோம், தொகைக்கு ஏற்ற முத்திரை வில்லைகள் ஒட்டினோம். விற்பவர் கையெழுத்து, வாங்குபவர் கையெழுத்து, இரண்டுக்கும் சாட்சி நான். ஒரு குறையும் இல்லாததால் ஆலைக்காரர்கள் அதைத் திருப்பி அனுப்பவில்லை. நான் பார்த்த மாற்றங்களிலேயே ஒழுங்கானது அதுதான்.

அண்ணாச்சி அதோடு நிறுத்தவில்லை. விலை இறங்க இறங்க, பயந்த இடங்களிலிருந்தெல்லாம் அதே பங்கை வாங்கினார். கைப்பணம் தீர்ந்ததும் உப்பளக் குத்தகையை ஒரு பைனான்சியரிடம் அடகு வைத்தார். "இன்னும் பெய்யுது வே" என்பார். ஆலையின் வாசலில் பூட்டு விழுந்த செய்தி வந்த மாலையில் டாக்டர் பத்திரிகையை உரக்க வாசிக்கவில்லை. மடித்து அவர் கையில் கொடுத்தார். அண்ணாச்சி படித்துவிட்டு, "பூட்டுனவன் தொறக்காமலா இருப்பான்" என்றார். ஆனால் அன்று யாரையும் சிரிக்க வைக்கப் பார்க்கவில்லை. அடுத்த பருவத்தில் அவருடைய பாத்திகளில் வேறு ஒருவருக்காக உப்பு வாரினார்கள். அவர் துறைமுகச் சாலையில் ஒரு லாரி ஷெட்டில் பதிவு எழுதுகிற வேலைக்குப் போனார். வேட்டி வெள்ளையாகவே இருந்தது. கரையில் மட்டும் தையல் தெரிந்தது.

டீச்சர் மருந்துக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். தலைவலி மாத்திரைகூட வேறு கடையில் வாங்கினார்.

வீடு எழுந்தது. ஓய்வுபெற்ற மாதத்தில் நாசரேத்தில் பிரதிஷ்டை ஜெபம் வைத்து எங்களை அழைத்தார். அண்ணாச்சிக்கும் அழைப்புப் போயிருந்தது. அவர் வரமாட்டார் என்று நானும் டாக்டரும் நினைத்தோம். சபை ஐயர் ஜெபத்தைத் தொடங்குமுன் பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"புது வீட்டுக்கு மொதல்ல உப்பு போவணும்லா" என்று டீச்சரிடம் நீட்டினார். "ஏளா, தள்ளி நில்லு" என்று வாசலை அடைத்து நின்ற ஒரு பெண்ணை விலக்கிவிட்டு, உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கட்டு. சுண்ணாம்பு சரியா சேத்திருக்கான்" என்று டாக்டரிடம் சொன்னார். ஜெபத்தில் கடைசி வரிசையில் நின்றார். பந்தியில் டீச்சரே அவருக்குப் பரிமாறினார். இலையில் இடமில்லை என்று அவர் சொன்ன பிறகும் பரிமாறினார்.

புறப்படும்போது டீச்சர் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். பொட்டலம் பிரிக்காமல் மேடையில் இருந்தது. பழைய தாளில் மடித்து, பலசரக்குக் கடைக்காரர்கள் சுற்றுவதுபோல் சணல் சுற்றியிருந்தது.

"சார், அது கடையில வாங்குன உப்பு" என்றார்.

பிறந்ததிலிருந்து உப்புக்குக் காசு கொடுத்திராத மனிதர். டீச்சர் பொட்டலத்தை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், எளிதில் கை எட்டாத இடத்தில் வைத்தார்.

டாக்டர் உறவினர் வீட்டில் தங்கிவிட்டார். திரும்பும் பேருந்தில் அண்ணாச்சியும் நானும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. உடைமரக் காடுகள் தாண்டியதும் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துணுக்கை எடுத்தார். ஆலையின் சொத்துக்களை விற்றுக் கடன்களைத் தீர்க்க நீதிமன்றம் ஓர் அதிகாரியை நியமித்திருக்கிறது என்பது செய்தி. நாலைந்து வரி.

"பாத்தீரா? கோர்ட்டே எறங்கிட்டான். இனி எல்லாவனுக்கும் கிடைக்கும்லா?"

எனக்குத் தெரிந்த விஷயம். சொன்னேன். விற்று வருகிற பணத்தில் முதலில் அந்த வழக்குச் செலவு. பிறகு சொத்தை அடமானமாக வாங்கிய வங்கிகள். வரி பாக்கி, தொழிலாளர் கூலி. அப்புறம், விளம்பரத்தைப் பார்த்துப் பணம் போட்ட பொதுமக்களும் மற்றக் கடன்காரர்களும். அதற்குப் பிறகும் ஏதாவது மிஞ்சினால், எல்லோருக்கும் கடைசியில், பங்குதாரர்.

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பாடம் ஒப்பிக்கிறவர்போல வரிசையை ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். ஒன்றுகூட விடவில்லை. துணுக்கை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கடைசின்னாலும் நம்ம பேரு இருக்குல்லா வே" என்றார்.

வரிசையில் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.