கில்ட் கடையில் ஒரு மன்னார்த் தையல்காரன்

கில்ட் தைக்கிறவனுக்கு ஊசியைவிட நாக்கில்தான் கவனம் வேண்டும். வாய் தவறியும் அதைப் பாவாடை என்று சொல்லிவிடக் கூடாது. கழுத்தில் அளவு நாடாவோடு வாடிக்கையாளர் முகத்தையே பார்த்து நின்ற தையல்காரர்களான உங்களுக்கு என் பாடு விளங்கும். நான் குடியேறிய டண்டினொங் நகரில் வேலை செய்த உடுப்புத் தொழிற்சாலை மூடிய பிறகு கிடைத்தது ஸ்கொட்லாந்துக்காரி ஃபியோனாவின் கில்ட் கடை. ஸ்கொட்லாந்துக்காரர் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட கம்பளி உடுப்புத்தான் கில்ட். நான் மன்னாரில் காற்சட்டை தைத்தவன். "தைக்கத் தெரியும்தானே, மற்றதை இங்கே பழகலாம்" என்று ஃபியோனா என்னைச் சேர்த்துக்கொண்டார்.

பின்பக்கம்

என் முதல் கில்ட்டுக்கு எட்டு யார் துணி. குடும்பத்துக்குக் குடும்பம் கட்டம் வேறு. பின்னால் மடிப்பு வைத்த பிறகும் அந்தக் கட்டம் குலையாமல் பொருந்த வேண்டும். அது எனக்குத் தெரியாது. எல்லா மடிப்பையும் ஒரே அளவில் வைத்து, மூன்று நாள் கையால் தைத்து, பெருமையோடு நீட்டினேன்.

மாப்பிள்ளையின் தகப்பனுக்கான கில்ட் அது. கலியாணத்துக்குப் பத்து நாள் இருந்ததால் முழுவதையும் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் முதல் தடவை கண்ணாடிக்கு முன் திரும்பி நின்று அவர் சொன்னதை ஃபியோனா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்: "முன்னால் பார்த்தால் எங்கள் குடும்பம். பின்னால் யார் பெற்ற பிள்ளை என்றே தெரியவில்லையே!"

மடிப்புக்குள்ளே

ஒரு புதன்கிழமை எய்லீன் என்ற பெண் தன் அப்பாவின் கில்ட்டோடு வந்தாள். வெள்ளிக்கிழமை அவருக்கு அடக்கம். தான் அதைக் கட்டிக்கொண்டு குழியடியில், காற்றுப் பையை அமுக்கி ஊதும் பைக்குழல் வாசிக்க வேண்டும் என்றாள். முன்பக்கமெல்லாம் பூச்சி அரித்த ஓட்டை. அந்தத் துணி இப்போது எங்கும் நெய்வதில்லை.

மடிப்புகளைப் பிரித்தேன். வெயில் படாத உள்துணி புதிதுபோல இருந்தது. அதிலிருந்து எடுத்து ஓட்டைகளை அடைத்தேன். இடுப்பை மூன்று தடவை பெருப்பித்த தையல் அடையாளமும் உள்ளே இருந்தது, காட்டினேன். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். "நீங்களும் வர வேண்டும்" என்றாள்.

போனேன். அவள் வாசிக்கத் தொடங்கினாள். என் அப்பா மன்னாரில் செத்தபோது, போனால் திரும்பி வர என்னிடம் விசா இல்லை. போகவில்லை, அழவும் இல்லை. அன்றுதான், யாரோ ஒருவருடைய குழியடியில், அழுது தீர்த்தேன். பிறகு அவளிடம் காரணத்தைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "உங்கள் அப்பாவின் பெயர் என்ன? அடுத்த முறை வாசிக்கும்போது அவரையும் நினைத்துக்கொள்கிறேன்."

வலமா இடமா

ரோவில் என்ற இடத்து மண்டபத்தில் ஸ்கொட்லாந்துக்காரருடைய கூட்டு நடனம். என் மனைவி ஜசிந்தா, "எனக்கு வெக்கம், நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றாள். பிறகு ஃபியோனா கூப்பிட்டதற்காக வந்தாள். எல்லோரும் வலப்பக்கம் சுழல, நான் இடப்பக்கம் சுழன்று இரண்டு பேரை இடித்துக் கதிரையில் போய் உட்கார்ந்தேன். ஜசிந்தா உட்காரவேயில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்து சொன்னாள்: "அடுத்தது எப்ப எண்டு கேளுங்கோ. நீங்கள் வராட்டிலும் நான் வருவன்!"

முதல் கால்

ஸ்கொட்லாந்துக்காரருக்குப் புது வருடத்தில் வீட்டுக்குள் முதலில் கால் வைக்கிறவன் கறுப்பு முடிக்காரனாக இருந்தால் அதிர்ஷ்டமாம். ஃபியோனாவின் வீட்டில் எல்லோருக்கும் செம்பட்டை முடி. போன வருடம் செம்பட்டை மருமகன் முதலில் நுழைய, ஃபியோனாவின் அம்மா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இந்த முறை நான்தான் வர வேண்டும் என்று கிழவி ஒரே பிடி.

என் தலையில் பாதி நரை. முதல் நாளே சாயம் பூசி, காலையில் வழக்கப்படி ஒரு துண்டுக் கரியும் ஜசிந்தா சுட்ட பயத்தம் பணியாரமுமாகப் போனேன். கிழவி ஊன்றுகோலோடு கதவைத் திறந்து என் தலையை உற்றுப் பார்த்தார். "சாயம்தான், தெரிகிறது. உள்ளே வாருங்கள், புது வருடத்துக்கு அது தெரியாது."

ஸ்கொட்லாந்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் அங்கே எந்நேரமும் மழை என்று யாராவது குறை சொன்னால் சொந்த ஊரைச் சொன்ன மாதிரி எனக்கு ரோசம் வந்துவிடுகிறது.